உங்களுக்குத் தெரியுமா? கிராம்பின் சாயம் வெளுக்கும் தகடு

● மாறாமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரியாத மொட்டைப் பறித்து வெயிலில் காயவைத்தால்தான் அது கிராம்பு. மலர்ந்துவிட்டால் விலை போச்சு. பல்வலிக்குக் கடித்தால் சுரீரென்று ஏறி மரத்துப்போகச் செய்வது அதிலுள்ள யூஜெனால். சில வியாபாரிகள் எண்ணெயை வடித்துவிட்டு, சக்கையை மறுபடி காயவைத்து நல்ல சரக்கோடு கலந்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆய்வகத்துக்காரர்கள் சுருக்கமாக ‘டி.எல்.சி.’ என்று சொல்லும் மென்படல வண்ணப்பிரிகையை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

● செய்முறை இவ்வளவுதான். சிலிக்கா ஜெல் பூசிய தகட்டின் அடியில் கிராம்புச் சாற்றில் ஒரு பொட்டு. பக்கத்திலேயே சுத்தமான யூஜெனால் ஒரு பொட்டு. மூடிய ஜாடியில் கொஞ்சம் கரைப்பான் ஊற்றி, பொட்டு நனையாமல் தகட்டை நிறுத்தினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கரைப்பான் மேலே ஏறும். கூடவே சரக்கும் ஏறும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. சுசீந்திரம் தேரோட்டத்துக்குக் கிளம்பும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வளையல் கடைதோறும் நிற்பவர்கள் பின்தங்குவார்கள், நிற்காதவர்கள் தேரடியில் முதலில் இருப்பார்கள். சிலிக்காவோடு ஒட்டுதல் அதிகமுள்ள பொருள் வளையல் கடைக் கட்சி. கரைப்பான் 8 செ.மீ. ஏற, பொட்டு 4 செ.மீ. போயிருந்தால், நான்கை எட்டால் வகுத்த கணக்கு 0.5. அதே தகட்டில் யூஜெனாலும் அதே உயரத்தில் நின்றால், இரண்டும் ஒன்று என்று நம்ப இடமுண்டு. சக்கைக் கிராம்பில் அந்தப் பொட்டு வெளிறிக் கிடக்கும்.

● யூஜெனாலுக்கு நிறம் கிடையாதே, பொட்டு எப்படித் தெரியும்? ஒளிரும் பொருள் கலந்த தகடு 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பச்சையாக மின்னும். சரக்கு நிற்கும் இடம் மட்டும் இருட்டாகத் தெரியும். இல்லையென்றால் அயோடின் ஆவியில் காட்டுவார்கள்.

● புதுச் செருப்புப் பெட்டிக்குள் ‘சாப்பிடாதீர்கள்’ என்று எழுதிய குட்டிப் பொட்டலம் இருக்குமே, அதுவும் சிலிக்கா ஜெல்தான்.

● டி.எல்.சி. முறைக்கு வித்திட்டது மருந்துச் செடி ஆராய்ச்சி. 1938-இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும், மூலிகைச் சாறுகளைச் சோதிக்கக் கண்ணாடித் துண்டில் மெல்லிய பூச்சு இட்டுப் பார்த்தார்கள். அதை உலகமே பயன்படுத்தும்படி 1950-களில் ஒழுங்குபடுத்தியவர் ஜெர்மானியரான ஏகோன் ஷ்டால். அவருடைய ‘சிலிக்கா ஜெல் ஜி’-யில் உள்ள ‘ஜி’ ஜிப்சத்தைக் குறிக்கிறது. பூச்சு உதிராமல் பிடித்துக்கொள்வது அதுதான். மருந்துவாழ் மலை இருக்கும் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: இன்றைக்கும் மூலிகை அசலா என்று பார்க்க டி.எல்.சி. ஒரு முக்கியமான சோதனை.

● தோவாளைச் சந்தையில் குவியும் கேந்திப் பூவின் மஞ்சளுக்குப் பெரும்பங்கு லூட்டின். கோழித் தீவனத்தில் சேர்த்தால் முட்டைக் கருவும் மஞ்சளாகும். தகட்டில் ஏற்றினால் கேரட்டின் கரோட்டீன் முன்னால் ஓடும், லூட்டின் பின்னால் நிற்கும்.

● 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம், தீவனத்தில் இருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சினின் வகைகளுக்குப் பெயர் வந்ததே டி.எல்.சி. தகட்டிலிருந்துதான்: புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தது ‘பி’, பச்சையாக ஒளிர்ந்தது ‘ஜி’. ஆங்கிலத்தில் அந்த நிறங்களின் முதலெழுத்துகள் அவை. சரியாகக் காயாத கொப்பரையிலும் இதே பூஞ்சை வரும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொப்பரைக் களத்தை மூடி வைப்பது வீண் வேலையல்ல.

● வீட்டில் தகடும் விளக்கும் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கிராம்பைப் போடுங்கள்: நல்லது அடியில் போய் உட்காரும், சக்கை மிதக்கும். பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று: வெள்ளைச் சாக்குக் கட்டியின் அடிப்பக்கம், ஒரு விரற்கடை மேலே, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வளையம் வரைந்து, கொஞ்சம் தண்ணீரில் நிறுத்தச் சொல்லுங்கள். கறுப்புக்குள் ஒளிந்திருந்த நீலமும் சிவப்பும் தனித்தனியே ஏறும். மை வளையம் மட்டும் தண்ணீருக்குள் மூழ்கிவிடக் கூடாது.