தனி வளை, தனிக் குணம்

1908-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு குழந்தைகள் கதைப் புத்தகம், செத்துப்போன ஓர் எலிக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. எழுதியவர் பீட்டர் முயல் கதைகளால் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர். எலியின் பெயர் ஸாமி. தமிழில் கொஞ்சம் அசந்தால் சாமியாகிவிடும். அந்தச் சமர்ப்பணத்தில் ஸாமியின் அறிவையும் பாசத்தையும் சொல்லும் பாட்டர், அதே மூச்சில் அதன் திருட்டுப் புத்தியையும் சொல்லிவிடுகிறார். இது கவனிக்க வேண்டிய இடம். புகழுரை எல்லா இரங்கல் செய்தியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அன்பானவர், பண்பானவர் என்று யாரைப் பற்றியும் எழுதிவிடலாம். குறையைச் சொல்லும்போதுதான் ஆள் யாரென்று தெரிகிறது. இன்றும் எலி வளர்த்து இழந்தவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்: ஒன்று பயந்தாங்கொள்ளி, ஒன்று அடாவடி, இன்னொன்று அடுத்ததன் வாயிலிருந்தே பறித்துத் தின்னும். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எலிக்குப் போய் குணமாவது, சுபாவமாவது என்கிறார்கள். ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், சிரிப்பவர்கள் பக்கம் நியாயம் குறைவு.

நமக்கு எலி என்றதும் பொறியும் மசால்வடையும்தான் நினைவுக்கு வரும். மிஞ்சிப்போனால் பிள்ளையார் காலடி. சுண்டெலி, வயலெலி, வெள்ளெலி, பெருச்சாளி, மூஞ்சூறு என்று வகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம் (மூஞ்சூறு எலி இனமே இல்லை என்பது வேறு கதை). ஆனால் இந்த எலி, அந்த எலி என்று பிரித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்த வழக்கம் வேரூன்றியது விக்டோரியா காலத்து லண்டனில், அதுவும் எலி பிடிப்பவரின் கையால். ராணியின் எலி பிடிப்பாளர் என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஜாக் பிளாக், பிடித்ததில் விசித்திர நிறம் கொண்டவற்றைக் கொல்லாமல் குட்டி போட வைத்து, வசதியான வீட்டு இளம்பெண்களுக்கு விற்றார். 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி கேட்டுக்கொண்டதால், சுண்டெலி வளர்ப்பவர்களின் சங்கமான நேஷனல் மவுஸ் கிளப் தன் ஏல்ஸ்பரி கண்காட்சியில் எலிகளையும் சேர்த்துக்கொண்டது. முதல் பரிசு அவருடைய கறுப்பு வெள்ளை எலிக்கே போனது. இன்று அங்கே கூண்டில் வளரும் எலிகளும், அதே ஊரின் சாக்கடையில் ஓடும் பழுப்பெலிகளும் ஒரே இனம். வளர்ப்பெலி என்று தனியாக ஒரு சாதி வானத்திலிருந்து குதித்துவிடவில்லை.

எலிக்குத் தனிக் குணம் உண்டு என்பதற்குச் சாட்சி சொல்வது செல்லப்பிராணிப் பிரியர்கள் மட்டும் என்றால் சந்தேகப்படலாம். வேடிக்கை என்னவென்றால், வலுவான சாட்சி வந்திருப்பது எலியை எண்ணாக மட்டுமே பார்த்த ஆய்வகத்திலிருந்துதான். 1906 முதல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் வெள்ளை எலிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததன் நோக்கமே, ஓர் எலிக்கும் இன்னோர் எலிக்கும் வேறுபாடு இல்லாமல் செய்வது. ஆனால் வேறுபாடு போகவில்லை. ஜாக் பாங்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1990களின் இறுதியில் எலிகளின் பிடரியிலும் வயிற்றிலும் விரலால் கிச்சுகிச்சு மூட்டினார். அவை சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டன. 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் நம் காதுக்கு எட்டாது, கருவி வைத்துத்தான் கேட்க வேண்டும். சில எலிகள் விரலை விடாமல் துரத்தி வந்து இன்னும் வேண்டும் என்றன. சிலவற்றுக்கு அது பிடிக்கவே இல்லை. அதிகம் கீச்சிட்டவற்றைத் தனியாகவும் குறைவாகக் கீச்சிட்டவற்றைத் தனியாகவும் இணை சேர்த்தபோது, சில தலைமுறைகளிலேயே குட்டிகளிடம் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. கூண்டுத் துணையை ஒரு குறுகலான குழாய்க்குள் அடைத்துவிட்டு, மற்ற எலியை வெளியே விட்டார்கள். கதவைத் திறக்க யாரும் சொல்லித்தரவில்லை. 30 எலிகளில் 23 எலிகள் தாமாகவே திறக்கக் கற்றுக்கொண்டன. பத்திரிகைகள் இந்த 23-ஐக் கொண்டாடின. என் கண்ணில் படுவது மிச்சம் 7. ஒரே சோதனை, ஒரே கூண்டு, ஒரே நெருக்கடி. ஆனாலும் எல்லாம் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. 2019-ல் பெர்லினில் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தார்கள். பரிசாகத் தீனி கிடையாது, கிச்சுகிச்சுதான். ஆறு எலிகளும் தேடக் கற்றன. ஒளிந்துகொள்ளவும் கற்றவை ஐந்துதான். பரம்பரைதான் எல்லாம் என்பவர்களுக்குப் பதில் சொல்வதுபோல, ஜெர்மனியில் எலியின் உறவான சுண்டெலியை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. மரபணு ஒன்றாகவே இருந்த 40 சுண்டெலிகளை அடுக்கடுக்கான ஒரு பெரிய கூண்டில் மூன்று மாதம் விட்டார்கள். நாள் ஆக ஆக, ஊர் சுற்றுவதும் வீட்டோடு கிடப்பதுமாக அவை பிரிந்துபோயின.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் உண்டு. வளர்ப்பவர் தன் ஆசையை எலியின் மேல் ஏற்றிப் பார்க்கிறார் என்பது அது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1963-ல் ராபர்ட் ரோசென்தால், கெர்மிட் ஃபோட் என்ற ஆய்வாளர்கள் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, பாதிப் பேரிடம் உங்கள் எலி கெட்டிக்கார வம்சம் என்றும், மீதிப் பேரிடம் மந்த வம்சம் என்றும் சொன்னார்கள். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள். சீட்டுக் குலுக்குவதுபோலப் பங்கிட்டவை. ஆனாலும் கெட்டிக்கார எலிகள் என்று நம்பப்பட்டவை புதிர்ப்பாதையில் நன்றாகவே தேறின. ஆக, பார்ப்பவரின் நம்பிக்கைக்கு வலு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். கெட்டிக்காரன் என்று நம்பிய மாணவர்கள் எலியை அடிக்கடி, மென்மையாகக் கையில் எடுத்தார்கள். தன்னைத் தொடும் கை எப்படிப்பட்டது என்று எலிக்குத் தெரிந்திருக்கிறது; அதற்கேற்ப அது மாறியிருக்கிறது. குணம் கூண்டுக்குள் மட்டும் உருவாவதில்லை, கையோடு சேர்ந்தும் உருவாகிறது என்றுதான் இதற்குப் பொருள். தவிர, கிச்சுகிச்சுக்கு எழும் கீச்சொலியை அளந்தது கருவி. அதற்கு எந்த எலி மேலும் ஆசை கிடையாது.

சரி, இதைக் குணம் என்ற பெரிய வார்த்தையால் சொல்ல வேண்டுமா, வெறும் உடல்கூறு என்று விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாடிவாசலில் நின்று விளையாடும் மாடு, நிற்காமல் ஓடும் மாடு என்று நாம் பிரித்துச் சொல்வதை யாரும் உளறல் என்பதில்லை. ஒரே சூழலில் ஒரு பிராணி திரும்பத் திரும்ப ஒரே விதமாகவும், பக்கத்திலிருப்பது வேறு விதமாகவும் நடந்துகொண்டால் அதற்குப் பெயர்தான் சுபாவம். மாட்டுக்கு ஒரு நியாயம், எலிக்கு ஒரு நியாயம் என்பதற்கு உருவத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

நோய் பற்றிய அச்சம் வேறு வகை, அது நியாயமானது. எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகப் பரவுவது நமக்குத் தெரியும். வளர்ப்பெலியும் விதிவிலக்கல்ல: 2017-ல் அமெரிக்காவில் வளர்ப்பெலிகள் மூலமே சியோல் வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றியது. சாக்கடை எலியைப் பிடித்துவந்து கொஞ்சுவது முட்டாள்தனம். வளர்ப்பெலியைத் தொட்டபின் கை கழுவாமல் இருப்பதும் அப்படியே. ஆனால் நோய் பரப்பக்கூடும் என்பதால் குணம் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம் வாழும் உயிருக்கு இவ்வளவு எதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆயுள் குறைவு என்பதால்தான் குணத்தைத் தெரிந்து வைத்திருப்பது அவசியமாகிறது. எலி நோவை மறைக்கும் பிராணி. பிறருக்கு இரையாகும் உயிர் நோவைக் காட்டினால் பிழைக்காது. மூச்சுக்கோளாறும், பெட்டை எலிகளுக்கு மார்புக் கட்டியும் அடிக்கடி வருபவை. கூண்டுக் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்து சட்டைக் கைக்குள் ஏறும் எலி, இன்று மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கண்ணோரம் சிவப்பாக ஏதோ கசிந்திருக்கிறது. ரத்தம்போலத் தெரியும் அது ரத்தமல்ல, நோவோ மன உளைச்சலோ வந்தால் கண்ணீரில் கூடும் நிறப்பொருள். எப்போதும் மூலையில் பதுங்கும் எலி அங்கே உட்கார்ந்திருந்தால் அது செய்தியே இல்லை. எது எப்படிப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று ஏதோ சரியில்லை என்பது புலப்படும். அப்படி நாள்தோறும் உற்றுப் பார்த்தவர், அது போனபின் பெயர் சொல்லி, குறும்பைச் சொல்லி அழுவதில் மிகையென்று எதுவும் இல்லை. கம்போடியாவில் 71 கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்துக் காட்டிய மகாவா என்ற ஆப்பிரிக்கப் பையெலி 2022 ஜனவரியில் இறந்தபோது உலகச் செய்தி நிறுவனங்களே பெயர் சொல்லி எழுதின. அது வேறு இனம்தான். ஆனால் அதற்காக யாரும் சிரிக்கவில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது மனிதர்களுக்குச் சொன்ன பழமொழி, எலிக்குப் பொருந்தாது. எலிகள் கூட்டமாக வாழ்பவை, தனியாக அடைத்தால் சுணங்கிவிடும். யாராவது வளர்க்க நினைத்தால், ஒரே பாலினத்தில் இரண்டாக வாங்குங்கள். ஒன்றின் குணம் என்ன என்பது, பக்கத்தில் இன்னொன்று இருக்கும்போதுதான் தெரியும்.