மிதிவண்டி ஓட்டுவோருக்கான பிப் ஷார்ட்ஸ்: தோலைக் காக்கும் தேர்வு, கையைக் கடிக்காத விலை

சென்ற கோடையில் ஐம்பத்தாறு வயதுடைய அன்பர் ஒருவர் தம் மனைவியுடன் எங்கள் தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். பத்தாண்டுகளாக நீரிழிவு நோய் உடையவர். நடைப்பயிற்சி முழங்கால் வலியில் முடிந்ததால், தம் மருத்துவரின் ஆலோசனைப்படி நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் மிதிவண்டி ஓட்டத் தொடங்கியிருந்தார். சில மாதங்களில் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இடுப்புச் சுற்றளவும் குறைந்தது. ஆனால் தொடையிடுக்கிலும் உட்காரும் இடத்திலும் தோல் உரசிச் சிவந்து, இரண்டு சீழ்க் கொப்புளங்களும் தோன்றியிருந்தன.

"இனி வண்டியைத் தொடப் போவதில்லை, டாக்டர்" என்றார் அவர். அவருடைய மனைவியோ, "சர்க்கரை குறைந்ததே இந்தச் சைக்கிளால்தான், சார். அதை விட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று கவலையுடன் கேட்டார்.

அவர் என்ன உடுத்தி ஓட்டுகிறார் என்று விசாரித்தேன். பருத்தி உள்ளாடை, அதன்மேல் தடித்த ஸ்பாஞ்சு வைத்த மலிவான கால்சட்டை. வெளியூரில் பணிபுரியும் மகள் விலை உயர்ந்த பிப் ஷார்ட்ஸ் ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறார். அது மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமாக இருந்ததால் அலமாரியிலேயே கிடக்கிறது. மலிவானதும் உதவவில்லை, விலை உயர்ந்ததும் உதவவில்லை. உடற்பயிற்சிக்காக மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்துள்ள நம் நோயாளிகள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருப்பதால், இம்மாதக் கட்டுரையை இதற்கென ஒதுக்குகிறேன்.

தோலில் நிகழ்வது என்ன?

மிதிவண்டி இருக்கையில் அமரும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள் தாங்குகின்றன. அவற்றுக்கும் இருக்கைக்கும் இடையில் தோல் நசுங்குகிறது. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால், ஒரு மணி நேரத்தில் 4,200 சுற்றுகள். அத்தனை முறையும் தொடையின் உட்புறம் இருக்கையின் ஓரத்தில் உரசுகிறது. இவற்றோடு வியர்வையும் சேர்கிறது. ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும். உரிந்த இடத்தின் வழியாகவும் மயிர்க்கால்களின் வழியாகவும் கிருமிகள் நுழைகின்றன. மிதிவண்டி ஓட்டுவோருக்கு வரும் இருக்கைப் புண்ணின் தொடக்கம் இதுவே.

நீரிழிவு நோயாளிகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்குப் புண் ஆறுவதற்குக் காலம் பிடிக்கும். தொற்று விரைவாகப் பரவக்கூடும். உணர்ச்சி நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் வலியே தெரியாமல் புண் வளரவும் கூடும்.

பிப் ஷார்ட்ஸ் எவ்வாறு உதவுகிறது?

உடலோடு ஒட்டி நிற்கும் மீள்தன்மையுள்ள துணியில் தைத்து, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்து, இடுப்பு நாடாவுக்கு மாற்றாகத் தோள்களின்மேல் செல்லும் வார்களை இணைத்த அரைக்கால்சட்டையே பிப் ஷார்ட்ஸ். துணி தொடையோடு ஒட்டியிருப்பதால் உரசல் தோலின்மேல் விழாமல் துணியின்மேல் விழுகிறது. மெத்தை அழுத்தத்தைப் பரவலாக்குகிறது. துணி வியர்வையை உறிஞ்சித் தேக்காமல் வெளிப்புறத்துக்குக் கடத்துகிறது.

முற்காலத்தில் பந்தய வீரர்கள் கம்பளி நூலாலான கால்சட்டையை அணிந்தனர். அதன் உட்புறத்தில், ஐரோப்பிய மலைகளில் வாழும் ஷாமி என்ற ஆட்டினத்தின் மென்தோல் தைக்கப்பட்டிருந்தது. துவைத்துக் காயவைத்தால் அத்தோல் விறைத்துவிடும். அதை மென்மையாக்கவே களிம்பு தடவினர். இன்று தோலின் இடத்தைச் செயற்கை நுரைப்பஞ்சு பிடித்துவிட்டது. ஆயினும் மெத்தையை ஷாமி என்றும், உரசலைக் குறைக்கத் தடவுவதை ஷாமி கிரீம் என்றும் அழைக்கும் வழக்கம் நீடிக்கிறது. கம்பளிக்கு மாற்றாக வந்தது எலாஸ்டேன் என்னும் மீள் இழை. 1958-இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் உருவான இந்த இழையே ஸ்பான்டெக்ஸ் என்றும், லைக்ரா என்ற வணிகப் பெயராலும் அறியப்படுகிறது. ஒரே இழைக்கு மூன்று பெயர்கள் இருப்பதால், விலைச்சீட்டில் காணும் பெயரை மட்டும் வைத்துக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

ஒரு விதியை இங்கேயே கூறிவிடுகிறேன். பிப் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியக் கூடாது. உள்ளாடையின் தையல் விளிம்புகள் தொடையிடுக்கில் அறுக்கும். பருத்தி, வியர்வையைத் தேக்கிவைக்கும். நல்ல பிப் ஷார்ட்ஸ் வாங்கியும் பயன் பெறாதவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை

முதலாவது, மெத்தை. தடிமனைக் கண்டு ஏமாற வேண்டாம். கட்டைவிரலை ஒரு புறமும் ஆள்காட்டி விரலை மறுபுறமும் வைத்து, எலும்பு முனைகள் பதியும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். இரு விரல்களும் எளிதில் ஒன்றையொன்று உணர்ந்தால், அந்தப் பஞ்சு உங்கள் எடையில் சில நிமிடங்களிலேயே தட்டையாகிவிடும். அழுத்தத்தை எதிர்த்து நின்று, விட்டவுடன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அடர்த்தியான மெத்தை, மெல்லியதாக இருந்தாலும் மேலானது. நல்ல மெத்தையில் எலும்பு முனைகளின் அடியில் அடர்த்தி மிகுதியாகவும், ஓரங்களில் மெலிந்தும் இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் மெத்தையின் வடிவம் வேறு. பெண்களுக்கு அந்த எலும்பு முனைகள் பொதுவாகச் சற்று விலகியிருப்பதால், அகன்ற மெத்தை வேண்டும்.

இரண்டாவது, தையல். கால்சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பி, தொடையிடுக்கில் வரும் தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். புடைப்பாகத் தட்டுப்படும் தையல் அங்கே இருக்கக் கூடாது. தட்டையான தையலே ஏற்றது. மெத்தையின் நடுவில் தையல் கோடு ஓடினால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, துணி. இரு கைகளாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இழுத்த துணியின் ஊடாக மறுபுறம் தெளிவாகத் தெரிந்தால் அது நெடுநாள் உழைக்காது. விட்டவுடன் சுருக்கமின்றிப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

நான்காவது, தொடையின் கீழ்ப்பட்டி. கால்சட்டை மேலேறாமல் பிடித்துவைக்கப் பல நிறுவனங்கள் சிலிகான் பட்டையை வைக்கின்றன. சிலருக்கு அது அரிப்பைத் தருகிறது. அகலமான மீள் பட்டி அழுத்தத்தைப் பரவலாக்கும். அணிந்து கழற்றிய பின் தொடையில் ஆழமான தடம் நெடுநேரம் நின்றால் அளவு சிறியது என்று கொள்ளுங்கள். கால் வீக்கம் உடையவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, அளவு. நிமிர்ந்து நிற்கும்போது தோள்வார்கள் சற்று இழுப்பதுபோல் தோன்றுவது இயல்பு. மிதிவண்டியில் குனிந்து அமரும் நிலையில்தான் பொருத்தம் தெரியும். ஆகவே கடையில் ஒரு நாற்காலியின் முன்விளிம்பில் அமர்ந்து, முன்னோக்கிக் குனிந்து பாருங்கள். மெத்தை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும், மடியக் கூடாது. நாடுகளுக்கிடையே அளவுக் குறியீடுகள் மாறுபடும். ஒரு நிறுவனத்தின் 'எல்' மற்றொன்றின் 'எம்' ஆக இருக்கலாம். இடுப்பு, தொடைச் சுற்றளவுகளை நாடாவால் அளந்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்ட பின்னரே இணையத்தில் வாங்குங்கள். மாற்றித் தருவார்களா என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். மேற்சொன்ன அன்பரின் மகள் தவறவிட்டது இந்த ஒன்றைத்தான்.

தோள்வார் எல்லாருக்கும் ஏற்றதா?

வயிறு சற்றுப் பருத்தவர்களுக்குத் தோள்வார் வைத்தது வசதியானது. இடுப்பு நாடா வயிற்றை வெட்டாது, பின்புறம் கீழே நழுவாது. ஆனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் புராஸ்டேட் வீக்கம் உடையவர்களுக்கும், சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை உட்கொள்வோருக்கும், அது தொல்லையாகலாம். பெண்கள் மேலாடையைக் கழற்றினால்தான் பல வகைகளைக் கீழிறக்க முடியும். இத்தகையோர் அகன்ற இடுப்புப் பட்டியுள்ள சாதாரண மிதிவண்டி ஷார்ட்ஸை வாங்கலாம். மெத்தையும் துணியும் நன்றாக இருந்தால் தோலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் குறைவில்லை.

கழுத்தெலும்பின் கீழ் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள், வார் அவ்விடத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இதய அறுவை, வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள் தம் அறுவை மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே மிதிவண்டியில் ஏற வேண்டும். ஆடையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு செலவிடலாம்?

சமதளத்தில் அரை மணி நேரத்துக்குள் ஓட்டித் திரும்புபவர்களுக்குப் பிப் ஷார்ட்ஸ் கட்டாயம் இல்லை. தடித்த தையல் இல்லாத, வியர்வையில் விரைவில் உலரும் ஆடை போதும். ஒரு மணி நேரமும் அதற்கு மேலும், வாரத்தில் பல நாள் ஓட்டுபவர்களுக்கே அது செலவுக்கு உரிய பொருள்.

சந்தையில் சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் ரூபாய் வரை கிடைக்கின்றன. மிகக் குறைந்த விலையில் மெத்தையும் தையலும் பெரும்பாலும் தேறுவதில்லை. நடுத்தர விலைக்கு ஏறும்போது இவ்விரண்டும் கண்கூடாக மேம்படுகின்றன. அதற்கும் மேல் நீங்கள் தரும் பணத்தில் ஒரு பகுதி, காற்றுத் தடையைக் குறைக்கும் பந்தயத் துணிக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் செல்கிறது. உடல்நலத்துக்காக ஓட்டும் நமக்கு அவை தேவையில்லை.

என் பரிந்துரை, விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதே. ஒன்றை அணியும்போது மற்றொன்று துவைத்து உலர்ந்திருக்கும். ஈரமான மெத்தையை மறுநாள் அணிய வேண்டிய கட்டாயம் நேராது. எடுத்துக்காட்டாக, 2,500 ரூபாய் வீதம் இரண்டு வாங்கினால் 5,000 ரூபாய். ஆண்டில் 300 நாள் ஓட்டுபவருக்கு, ஓராண்டு உழைத்தாலே நாளொன்றுக்கு 17 ரூபாய்க்கும் குறைவாகத்தான் ஆகும். பருவ முடிவில் பழைய நிறங்களைத் தள்ளுபடியில் விற்பார்கள். நிறத்தை விட்டுக்கொடுத்தால் தரத்தைக் குறைந்த விலையில் பெறலாம்.

துவைப்பும் பராமரிப்பும்

ஓட்டி முடித்தவுடன் கழற்றிவிடுங்கள். ஈரத்தோடு அமர்ந்து காபி அருந்துவதும் நாளிதழ் படிப்பதும் படர்தாமரைக்கு அழைப்பு. குளித்து, தொடையிடுக்கைத் துடைத்து நன்கு உலரவிடுங்கள். ஒவ்வொரு முறை அணிந்த பின்னும் ஷார்ட்ஸைத் துவைக்க வேண்டும். மென்மையான சலவைத்தூளும் குளிர்ந்த நீரும் போதும். துணி மென்மையாக்கும் திரவம் இழைகளின்மேல் படிந்து வியர்வை கடத்தும் தன்மையைக் குறைக்கும். வெந்நீரும் இஸ்திரியும் மீள் இழையைக் கெடுக்கும். மெத்தை வெளிப்புறம் இருக்குமாறு திருப்பி, காற்றோட்டமான நிழலில் முழுமையாக உலர்த்துங்கள். மெத்தை அமுங்கியபடியே நின்றாலோ, துணி ஊடுதெரிந்தாலோ, வார்கள் தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

உரசலுக்குச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவலாம். ஆனால் மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் வேண்டாம். அரிப்பை இரண்டு நாளில் அடக்கும் அக்களிம்பு, படர்தாமரையை உள்ளுக்குள் பரவவிட்டு, பிறகு குணப்படுத்தக் கடினமானதாக்கிவிடும். நாள்தோறும் இதை நான் காண்கிறேன்.

ஓட்டும்போது பிறப்புறுப்புப் பகுதி மரத்துப் போவது நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குவதன் அறிகுறி. ஷார்ட்ஸை மாற்றினால் மட்டும் இது தீராது. இருக்கையின் உயரத்தையும் சாய்வையும் திருத்த வேண்டும். இறங்கிய பின்னும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் கூறத் தயங்காதீர்கள். காய்ச்சல், விரைந்து பரவும் சிவப்பு, தோலில் தெரிவதைவிட மிகுதியான வலி, வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், குறிப்பாக நீரிழிவு உடையவர்கள், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த இடத்தில் வரும் புண்ணை வெட்கத்தால் மறைப்பவர்களே மிகுதி. காரணம் சொல்லாமல் ஒருவர் மிதிவண்டியை ஓரங்கட்டினால், பரிவோடு கேட்டுப் பாருங்கள்.

அந்த அன்பருக்குக் கொப்புளங்களுக்கு மருந்து தந்து, இரண்டு வாரம் மிதிவண்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னேன். அதற்குள் மகள் அனுப்பியதைக் கொடுத்துச் சரியான அளவில் மாற்றிக்கொண்டார். நடுத்தர விலையில் மற்றொன்றும் வாங்கினார். மறுபரிசோதனைக்கு வந்தபோது தோல் தெளிந்திருந்தது. "இரண்டில் எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்: "எது காய்ந்திருக்கிறதோ அது, சார்."