தூளியும் தொக்கும்... ஒரு மலை வீட்டு அனுபவம்!



சேலத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இது ஏழாவது மாதம். போன வாரம் போன் செய்தாள். "அக்கா, குழந்தைக்கு வாங்க வேண்டிய சாமான் எல்லாம் லிஸ்ட் போட்டிருக்கேன், படிக்கட்டுமா?" என்றாள். படித்தாள்... படித்தாள்... படித்துக்கொண்டே இருந்தாள்! மரத்தொட்டில், தள்ளுவண்டி, வாக்கர், பால் பாட்டில் ஆறு, அந்தப் பாட்டிலைச் சூடு பண்ண ஒரு மிஷின்... கடைசியில், "வளைகாப்புக்கு வர்றவங்களுக்கு சைடு டிஷ் எல்லாம் நானே செய்யலாமா, ஓட்டல்ல சொல்லிடலாமாக்கா?" என்று ஒரு கேள்வி வேறு. "நாளைக்குச் சொல்றேன்டி" என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. ரெண்டு பிள்ளை வளர்த்ததில் எது நிஜமாகவே கை கொடுத்தது, எது பரணுக்குப் போனது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் ராசிபுரத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, கொல்லிமலையில் வாழ்க்கைப்பட்டவள். செம்மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கணவருக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காபி. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்கள் ஊருக்கு வர வேண்டும். எந்தச் சாமானை வாங்கினாலும் அதையும் அந்த 70 வளைவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாக வேண்டும். அதனால் "இது வேணுமா?" என்று ரெண்டு தடவை கேட்கும் புத்தி எங்களுக்குத் தானாக வந்துவிடும்!

என் மூத்தவள் எடை குறைவாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, குழந்தையை என் வெறும் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைத்து, மேலே ஒரு பருத்திப் புடவையால் சுற்றிக் கட்டிக் காட்டினார். கங்காரு மாதிரி என்று சொன்னார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் குளிரில் குழந்தைக்கு அதைவிடக் கதகதப்பு வேறு இல்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில், இன்குபேட்டர் பற்றாமல் போனதால் 1978-ல் டாக்டர்கள் ஆரம்பித்த முறையாம் இது. இன்று உலக சுகாதார நிறுவனமே எடை குறைந்த குழந்தைகளுக்கு இதைத்தான் சொல்கிறது. செலவு? ஒரு பழைய புடவை!

அவள் பிறந்த சமயம் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். 2015-ல் தொடங்கிய திட்டம் அது, 16 பொருள். அதில் கொசுவலை வைத்த சின்ன மெத்தையும், நகவெட்டியும் நான் காசு கொடுத்து வாங்க நினைத்திருக்கவே மாட்டேன். ஆனால் அதிகம் உழைத்தது அந்த ரெண்டும்தான். பிஞ்சு நகத்தைப் பல்லால் கடித்து எடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. நகவெட்டி இருந்ததால் தப்பித்தது குழந்தை.

பால் பாட்டில் ஆறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சித்தி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை. டாக்டர் சொல்லி வேறு பால் கொடுக்க நேர்ந்தாலும் பாலாடையோ, சின்னக் கிண்ணமும் ஸ்பூனுமோ போதும். வெந்நீரில் போட்டு எடுத்தால் சுத்தம். பாட்டிலின் மூலையில் ஒட்டும் பால் கசடு எத்தனை தேய்த்தாலும் போகாது. பால் பாட்டிலையும் பால் பவுடரையும் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-ல் நம் நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

வாக்கர் கதை தனி. என் அண்ணன் ஆசையாக வாங்கி வந்த வட்ட பிளாஸ்டிக் வாக்கர். எங்கள் வீட்டுத் திண்ணை சரிவு, அதைத் தாண்டி நாலு படி. ஒருநாள் மூத்தவள் கால் உதைத்த வேகத்தில் வண்டி படி ஓரத்துக்கே போய்விட்டது. என் மாமியார் பாய்ந்து பிடித்தார்கள். அன்றைக்கே பரண் ஏற்றினேன். படியில் உருண்டு தலையில் அடிபடுகிறது என்றுதான் கனடா நாட்டில் 2004-லேயே இந்த வாக்கரை விற்கவே தடை போட்டார்களாம். அதற்குப் பதில் ஊர் தச்சரிடம் மூன்று சக்கர நடைவண்டி செய்யச் சொன்னோம். குழந்தை தானாக எழுந்து நின்று, பிடித்துத் தள்ளி நடந்தால்தான் அது நகரும். அதற்கும் கண் பார்வை வேண்டும்தான். ஆனாலும் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும் ஆசையை அது நமக்குக் காட்டாது.

டயாபர் பற்றி ஒரு வார்த்தை. பஸ் பயணத்துக்கும், மார்கழிக் குளிர் ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் பழைய வேட்டித் துணி போதும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

தூளி! தமிழ்நாட்டில் தூளி கட்டாத வீடு உண்டா? மரத்தொட்டிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட அம்மாவின் பழைய நூல் புடவையில் கட்டும் தூளியில்தான் பிள்ளை அசந்து தூங்கும். நானும் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்... இரண்டாவது பிள்ளைக்குப் பேர் வைத்த நாள் வரைக்கும்.

அன்று வீட்டில் முப்பது பேர். பந்திக்கு இட்லி, மரவள்ளிக் கிழங்கு, சாமைப் பணியாரம். "மூணு சட்னியாவது இருக்கணும்" என்று எனக்கு ஒரு பிடிவாதம். ரெண்டு அரைத்ததும் கரண்ட் போய்விட்டது. எங்கள் மலையில் காற்று அடித்தால் அது சகஜம். விடுவேனா? பின்கட்டில் ஆட்டுக்கல்லைக் கழுவி, தேங்காயும் மிளகாயும் போட்டு ஆட்ட உட்கார்ந்துவிட்டேன். கைக்குழந்தை கூடத்தில் என் நாத்தனார் மடியில். உள் அறையில் தூளி காலியாகத் தொங்குகிறது. அப்போது மூத்தவளுக்கு ஆறு வயது. தூளிக்குள் தலையை விட்டு, சுற்றிச் சுற்றி முறுக்கி, பிறகு விட்டால் கிறுகிறுவென்று திரும்பும் பாருங்கள்... அந்த விளையாட்டு.

எதிர்வீட்டு அக்கா ஒரு குண்டான் கேட்டு உள்ளே வந்தவர், அறையை எட்டிப் பார்த்திருக்கிறார். "ஐயோ சாமி!" என்று ஒரு சத்தம். நான் மாவுக் கையோடு ஓடினேன். புடவை கயிறாக முறுக்கிக் கழுத்தில் இறுகி, பிள்ளையின் கால் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அக்கா யோசிக்காமல் அவளை இடுப்போடு சேர்த்து மேலே தூக்கினார். நான் முறுக்கைப் பிரித்தேன். எனக்குக் கை நடுங்கியதில் எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியவில்லை. ஒரு இருமல் வந்தது. அப்புறம் அழுகை. பிள்ளை அழுவதைக் கேட்டு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். கழுத்தில் சிவப்பாக ஒரு தடம், நாலைந்து நாள் இருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "கழுத்து இறுகினா குழந்தையால கத்த முடியாதும்மா. சத்தம் வந்தா ஓடிப் போகலாம்னு நினைக்காதீங்க. சில நிமிஷம் போதும்" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் முப்பது பேர் இருந்தோம் தோழிகளே! ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த மூன்றாவது சட்னி அரைபடாமலே கல்லில் காய்ந்துபோனது. "ஏன் ரெண்டு சட்னிதான்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்காக நான் தூளியை விட்டுவிடவில்லை. கட்டும் விதத்தை மாற்றினேன். மேலே விட்டத்தில் இரும்பு வளையம், புடவையின் தலைப்பில் ஒரு கொக்கி. பிள்ளை எழுந்ததும் முதல் வேலை கொக்கியைக் கழற்றி, தூளியை மடித்துப் பெட்டியின் மேல் வைப்பது. அரை நிமிஷ வேலை. காலித் தூளி எங்கள் வீட்டில் தொங்காது. விட்டத்தில் நேரடியாக முடிச்சுப் போட்டுக் கட்டினால் இது நடக்காது, சோம்பல் வந்துவிடும். உள்ளே குறுக்காகத் தொட்டில் கம்பு கட்டாயம். இல்லாவிட்டால் ரெண்டு பக்கத் துணியும் சேர்ந்து குழந்தை முகத்தை மூடும். ஸ்பிரிங் போடுகிறவர்கள் அதன் நடுவே ஒரு தனிக் கயிறும் விட்டு மேலே கட்டுங்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் கயிறு தாங்கும். தூளி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். கீழே பாய், தடித்த போர்வை. குழந்தை புரண்டு, கையூன்றி எழப் பார்க்கும் நாள் வந்தால் தூளிக்கு விடை கொடுத்துவிட்டுத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள். பெரிய பிள்ளைக்கு ஆட ஆசை இருக்கத்தானே செய்யும்? என் கணவர் வெளியே பலாமரத்தில் பலகை ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார்.

அடுத்தது அந்தச் சட்னிப் பைத்தியம். விசேஷ நாளில் அம்மாக்காரி அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கிடந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? அதனால் சின்னவனுக்குக் காதுகுத்து வந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். அன்றைக்குக் காலையில் அரைக்கிற வேலையே கிடையாது. தொட்டுக்கொள்ள எல்லாம் முதல் நாளே.

முக்கியமானது மிளகுத் தொக்கு. சின்ன வெங்காயம் அரை கிலோ, பூண்டு ரெண்டு முழுசு, எங்கள் மலை மிளகு ரெண்டு டீஸ்பூன், காய்ந்த மிளகாய் மூன்று, எலுமிச்சை அளவு புளி. எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வதக்கி, ஆறியதும் உப்புப் போட்டுத் தண்ணீர் விடாமல் அரைத்து, மறுபடி எண்ணெயில் சுருளச் சுருளக் கிளற வேண்டும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்றால் இறக்கலாம். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் மூன்று நாள் கெடாது. 70 வளைவு சுற்றி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துத்தான் விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு வெந்த கிழங்கு ரெண்டு துண்டு, மேலே இந்தத் தொக்கு... அஞ்சே நிமிஷத்தில் பேச்சு வந்துவிடும்! (மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கு என்றால் தொடவே வேண்டாம்.)

வறுத்த நிலக்கடலை, பூண்டு, மிளகாய், புளி வைத்து ஒரு துவையல். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கெட்டியாக அரைத்து வைத்து, பந்தி நேரத்தில் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொண்டால் சரி. ஆனால் வறுத்த கடலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாண்டுகள் முழுக் கடலையை வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

அன்னாசி கிடைத்தால் பொடியாக நறுக்கி, வெல்லமும் துளி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வேக வைத்துக் கடுகு தாளித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் பணியாரத்தோடு இதைத்தான் கேட்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கெட்டித் தயிர்ப் பச்சடி. புளிக்காத தயிர் ரெண்டு லிட்டரைச் சுத்தமான மெல்லிய துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, ராத்திரி முழுக்கத் தொங்கவிட வேண்டும். காலையில் தண்ணீர் எல்லாம் வடிந்து, பாதிக்கும் குறைவாக வெண்ணெய் மாதிரி நிற்கும். அதில் பொடியாக அரிந்த புதினா, மல்லி, ஒரு பச்சை மிளகாய், வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு. கலக்கினால் முடிந்தது. தை மாதக் குளிரில் எங்கள் மலையில் வெளியிலேயே தொங்கவிடலாம், புளிக்காது. கீழ்நாட்டில் இருப்பவர்கள் வடிகட்டியில் துணியைப் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு நன்றாக இருக்கும்.

காதுகுத்து அன்று காலையில் நான் குளித்து, பட்டுப்புடவை கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு விசேஷத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை! "என்னம்மிணி, அடுப்படிப் பக்கமே காணோம்?" என்று மாமியாரே கேலி செய்தார்கள். மூத்தவள் பக்கத்திலேயே நின்று தம்பி காதைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் ராத்திரி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தயிர் மூட்டையைத் தொங்கவிட இடம் தேடினேன். தூளி மாட்டும் அதே இரும்பு வளையம் காலியாக இருந்தது. கீழே ஒரு பாத்திரம் வைத்து, அதிலேயே மாட்டிவிட்டேன். பாயில் படுத்திருந்த மூத்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, தயிருக்கும் தாலாட்டுப் பாடணுமா?"

சித்தி மகளுக்கு இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இந்த வாரம் நாமக்கல் போகும்போது அவளுக்கு ஒரு கொக்கியும், தொட்டில் கம்பும் வாங்கி அனுப்ப வேண்டும். மிளகு வீட்டிலேயே இருக்கிறது.

- ஒரு வாசகி, கொல்லிமலை.