ஏ.சி. டக்ட் மறைத்தால் தண்ணீர் எப்படி வரும்? ஸ்பிரிங்ளருக்கு பின்னால் ஒரு கணக்கு

பெரிய ஜவுளிக்கடை, மால், குடோனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். மேலே கூரையில் வரிசையாக சின்ன குழாய் முனைகள் தெரியும். நடுவில் சிவப்பு கலரில் குட்டி கண்ணாடி குப்பி. அதுதான் ஸ்பிரிங்ளர். தீ பிடித்து குப்பியில் சூடு 68 டிகிரியை தொட்டதும் அது உடையும், தண்ணீர் கொட்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் திறக்காது. சூடு பட்டது மட்டும் தான் திறக்கும்.

சென்னை தி.நகர் உஸ்மான் ரோட்டில் 2017-ம் ஆண்டு மே 31-ந்தேதி அதிகாலையில் ஜவுளிக்கடை கட்டிடம் ஒன்று தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தீ ஒரு நாளையும் தாண்டி எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு முழுவதுமே இடிக்கப்பட்டது. நாலாபக்கமும் மூடிய கட்டிடத்தில் வெளியே இருந்து எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே போய் சேருவது கஷ்டம். உள்ளேயே கொட்டினால் தான் உண்டு.

குடைக்குள் மழை விழாது

ஆனால் கூரைக்கு கீழே அகலமான ஏ.சி. டக்ட் ஓடினால்? ஸ்பிரிங்ளர் திறந்தும் தண்ணீர் டக்டின் முதுகில் தான் விழும். அடியில் அடுக்கிய சேலை பண்டல் காய்ந்தபடியே எரியும். அதனால் தான் தடுப்பு 4 அடிக்கு மேல் அகலம் என்றால் அதற்கு அடியிலும் ஸ்பிரிங்ளர் வைக்க வேண்டும் என்கிறது என்.எப்.பி.ஏ.13. இது அமெரிக்க விதிப்புத்தகம். நம்ம ஊர் என்ஜினீயர்களும் இதை பார்த்து டிசைன் போடுவது உண்டு.

பம்பு தாங்குமா?

ஒரு ஸ்பிரிங்ளர் 12 சதுர மீட்டர் தரையை பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தேவை என்றால் மொத்தம் 60 லிட்டர். கே-80 ரக ஸ்பிரிங்ளரில் இதற்கு 0.56 பார் அழுத்தம் போதும். (1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர டேங்க் தரும் அழுத்தம்.) தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டும் என்றால் அழுத்தம் நாலு மடங்கு வேண்டும். வில்லங்கமே இங்கே தான்.

கூரையில் 20 ஸ்பிரிங்ளர் திறந்தால் நிமிடத்துக்கு 1,200 லிட்டர். டக்டுக்கு அடியில் இருக்கும் 4-ஐயும் சேர்த்தால் 1,440. கூடுவது 20 சதவீதம் தான். ஆனால் அதே குழாயில் உராய்வால் வீணாகும் அழுத்தம் 40 சதவீதம் எகிறிவிடும். பெரிய குழாய், பெரிய பம்பு என்று செலவு இழுக்கும்.

இங்கே விதி ஒரு சலுகை தருகிறது. மேலே உள்ளதும் அடியில் உள்ளதும் காப்பது ஒரே தரையை. ஆகவே அந்த இடத்தில் ஏதாவது ஒரு வரிசையின் தண்ணீரை கணக்கில் விட்டுவிடலாம். எதை வேண்டுமானாலும் விடலாமா? அது நடக்காது. எது பம்புக்கு அதிக வேலை வைக்கிறதோ, அதை போட்டுத்தான் கணக்கு பார்க்க வேண்டும். அடியில் இருப்பதற்கு வளைவும் முழங்கையுமாக குழாய் இறங்கினால் அதுவே கடினமானதாக இருக்கலாம்.

இந்த சலுகையை, 'அடியில் உள்ளதை பார்க்கவே வேண்டாம்' என்று புரிந்துகொள்வது தப்பு. முன்னே போட்ட கணக்கை வைத்துக்கொண்டு, இன்டீரியர் வேலையில் புது டக்டை தொங்கவிட்டு, கிடைத்த ஒல்லி குழாயில் இருந்து ஒரு லைன் இழுத்துவிட்டால் கடைசி முனையில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். இந்த மாதிரி கோளாறு தீ பிடிக்கும் வரை வெளியே தெரியாது.

சரக்கு அடுக்குபவர்களுக்கும் ஒரு அளவு உண்டு. ஸ்பிரிங்ளருக்கும் பெட்டிக்கும் நடுவே குறைந்தது 18 அங்குலம் இடைவெளி விட வேண்டும். டக்ட் அகலத்தை அளக்க ஏணி தேவை இல்லை. கடையில் 2 அடி டைல்ஸ் என்றால், தலைக்கு மேலே ஓடும் டக்ட் இரண்டு டைல்ஸ் அகலத்தை தாண்டுகிறதா என்று கீழே நின்றே பார்த்துவிடலாம். தாண்டினால், அதன் அடிப்பக்கத்தில் சிவப்பு குப்பி இருக்கிறதா என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.