சிகரெட் போடும் காயம்

"முப்பது வருஷமா ஊதியாச்சு. இனிமே விட்டா என்ன, விடாட்டி என்ன?" நம் தொழிலாளர் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். இதற்கு மருத்துவ விஞ்ஞானம் தரும் பதிலை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பால்மரம் சீவுகிறவர்களுக்குத் தெரியும். கத்தி பட்டையோடு நின்றால் பட்டை மறுபடி வளரும். ஆழமாகப் போய்க் காயம் பட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். நுரையீரலுக்குள் சிகரெட் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

நம் உடம்பில் உள்ள உயிரணு ஒவ்வொன்றிலும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் எழுதியது போல் அமைந்திருக்கின்றன. அவற்றைத்தான் மரபணு என்கிறோம். சிகரெட் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் சுமார் 70 உள்ளன. அவற்றில் சில மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் எழுத்து மாறிவிடும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது அந்தத் தப்பும் கூடவே போகும்.

தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருஷம் பிடித்தால், நுரையீரல் உயிரணு ஒவ்வொன்றிலும் சராசரி 150 மாற்றங்கள் விழுகின்றன என்று 2016-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். குரல்வளை, வாய், மூத்திரப்பையும் தப்புவதில்லை.

எல்லா மாற்றமும் புற்றுநோய் ஆகாது. ஆனால் பி-53 என்றொரு மரபணு உண்டு. கெட்டுப்போன உயிரணு பெருகாமல் தடுக்கும் காவல்காரன் அது. புகையில் உள்ள பென்ஸோபைரீன் அந்தக் காவல்காரனையே தாக்குகிறது என்பது 1996-இல் தெரியவந்தது. காவலும் போய், வேறு சில கட்டளைகளும் கெட்டால், உயிரணு அடங்காமல் பெருகும். அதுதான் புற்றுநோய். இதற்குப் பல வருஷம் பிடிக்கும். அதனால்தான் இளவட்டங்கள், "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள்.

சரி, பழைய ஆள் இப்போது விட்டால் பலன் உண்டா? உண்டு. 2020-இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் 16 பேருடைய மூச்சுக்குழாய் உயிரணுக்களைச் சோதித்தார்கள். சிகரெட்டை விட்டவர்களிடம் அதிகம் சேதமில்லாத நல்ல உயிரணுக்கள், 100-க்கு 40 வரைகூட இருந்தன. இன்னும் பிடிப்பவர்களிடம் இருப்பதைப் போல் இது நான்கு மடங்கு. பழைய காயம் அழியாது. ஆனால் காயம்படாத உயிரணுக்கள் பெருகி அந்த இடத்தைப் பிடிக்கின்றன. புதுப்பட்டை வருவது மாதிரிதான். விட்டு 10 வருஷம் ஆனால், தொடர்ந்து பிடிப்பவரோடு ஒப்பிட, நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

நுரையீரலில் விழுந்த இந்த மாற்றங்கள் பரம்பரையாகப் பிள்ளைகளுக்குப் போகா. ஆனால் வீட்டுக்குள் ஊதினால் புகை போகும். மனைவி மக்களும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் இளைப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு அரசாங்க கிளினிக்குகளில் ஆலோசனையும் மருந்தும் உண்டு. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். இன்றைக்கு விட்டாலும் லாபம்தான்!