கிளீனராக ஏறி டிரைவராக இறங்கிய காலம்

சென்னைக்கு அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் வந்தது; 2024இல் இரண்டாவதும் வந்தது. பக்கத்துப் பேரூரில், நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரும் இன்னொன்றுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். இத்தனைக்கும் சிமெண்டும் ஜல்லியும் கம்பியும் கொண்டுவந்து சேர்ப்பவர் லாரி டிரைவர். அந்த இருக்கையில் உட்காரும் வழிதான் இன்று மாறிவிட்டது.

அன்று லாரித் தொழிலுக்கு ஒரே வாசல், கிளீனர் வேலை. வண்டி கழுவுவது, தார்பாய் இழுத்துக் கட்டுவது, ஸ்டெப்னி மாற்றுவது, ரிவர்ஸ் எடுக்கையில் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பது எல்லாம் அவன் பாடு. வண்டி நிற்கும் இடமெல்லாம் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்று கேட்டால் காற்று இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் இல்லை. பின்பக்க ஜோடி டயரில் உள்டயர் இறங்கியிருந்தாலும் அந்தத் தட்டலில் தெரிந்துவிடும். டிரைவர் அண்ணனுக்கு நம்பிக்கை வந்த பிறகு, வெறிச்சோடிய சாலையில் ஸ்டியரிங் கைக்கு வரும். லைசென்ஸ் அதற்கும் பிறகுதான். வேலை நன்றாகப் படிந்தது. ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் எத்தனையோ பிள்ளைகள் லாரியில் ஏறினார்கள்.

இன்று வழி காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. வயது 20 நிரம்ப வேண்டும். இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றோடு எல்.எல்.ஆர். வாங்கி, பயிற்சிப் பள்ளியில் கற்று, ஆர்.டி.ஓ. தேர்வில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். 2021 முதல் நடப்பிலுள்ள அங்கீகாரப் பயிற்சி மைய விதிப்படி, கனரக வாகனத்துக்கு 6 வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டது. பெட்ரோல், ரசாயனம் ஏற்றும் வண்டி என்றால் தனியாக 3 நாள் பயிற்சியும் உண்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம்.

ஆனால் பல வண்டிகளில் இப்போது கிளீனர் இல்லை. டிரைவர் தனியாகவே இரவெல்லாம் ஓட்டுகிறார். நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்று 1961இலேயே சட்டம் எழுதியாயிற்று. லோடு போய்ச் சேரும் அவசரத்தில் அது சாலைக்கு வரவே இல்லை.

லைசென்ஸ் கையில் வந்ததும் நெடுந்தூர லோடுக்குக் கிளம்பிவிடாதீர்கள், தம்பிகளே. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் சில மாதம் உட்கார்ந்து போங்கள். வண்டி உரிமையாளர்களே, அந்த இரண்டாவது ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.