ஒயருக்கு நடுவே ஒரு மனிதர்: இசைக்கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர்

தாராவியில் பொங்கல் விழா, மாட்டுங்காவில் கச்சேரி, செம்பூரில் கோயில் உற்சவம் என்று எங்கே போனாலும், மேடை ஓரத்தில் ஒயர்களுக்கு நடுவே மைக் செட்காரர் உட்கார்ந்திருப்பார். கச்சேரி நன்றாக நடந்தால் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மைக் 'கீய்' என்று கத்தினால் மட்டும் எல்லார் கண்ணும் அவர் மேல்தான்!

இதே வேலையைக் கல்லூரியிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் செய்பவருக்குத் தொழில்நுட்ப உதவியாளர் என்று பெயர். அவர் கைவேலையின் அருமை தெரியவேண்டுமானால், மும்பையில் இருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் உள்ள ஆமதாபாத்தின் கதையைக் கேட்கவேண்டும்.

கடல் கடந்து வந்த கருவி

ஆமதாபாத்தில் 1961-ல் தொடங்கப்பட்டது தேசிய வடிவமைப்பு நிறுவனம். அதை உருவாக்கிய சாராபாய் குடும்பத்தில் பிறந்தவர் கீதா சாராபாய். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. பக்கவாஜ் வாசிப்பவர். 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு நம் நாட்டு இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேல்நாட்டு இசையைக் கற்றுக்கொண்டார்.

கேஜின் நெருங்கிய கூட்டாளியான பியானோ கலைஞர் டேவிட் டியூடர் 1969-ல் ஆமதாபாத் வந்தார். அந்த நிறுவனத்தில் ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். அங்கே வந்து இறங்கியதுதான் 'மோக் சிந்தசைசர்'.

இதில் தந்தி இல்லை, தோல் இல்லை, துளை இல்லை. மின்சாரமே ஒலியாகிறது. ஒரு பகுதி ஒலியை உண்டாக்கும். அடுத்தது அதை வடிகட்டும். இன்னொன்று கூட்டும், குறைக்கும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் செய்தது போல, ஒயர்களை இங்கும் அங்கும் செருகி இவற்றை இணைக்கவேண்டும். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அறை சூடேறினால் சுருதி நழுவும்.

இந்தக் கருவிக்கு ஞாபகசக்தியும் கிடையாது. எந்த ஒயர் எங்கே செருகப்பட்டது என்று எழுதிவைக்காவிட்டால், கழற்றியதும் அந்த ஒலி போனது போனதுதான்.

உதவியாளரின் ஒரு நாள்

இப்படிப்பட்ட கூடத்தில் உதவியாளரின் வேலை, மற்றவர் வருமுன்பே தொடங்கிவிடும். டேப் ஓடும் பாதையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கவேண்டும். 'ஹெட்'டில் தங்கிய காந்தத்தைப் போக்கவேண்டும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், எர்த் எங்கே கோளாறு என்று ஒயர் ஒயராகத் தேடவேண்டும்.

மின்சாரமும் ஒரு பிரச்சினை. நம் நாட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவில் சுமார் 120 வோல்ட், 60 சைக்கிள். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம். ஆனால் 60 சைக்கிளுக்காகச் செய்த சில மோட்டார்கள் இங்கே மெதுவாக ஓடும். டேப்பின் வேகம் குறைந்தால் பாட்டின் சுருதியும் இறங்கிவிடும்.

டேப்பைப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவதும் அவர்தான். பதிவு முடிந்த டேப்பை முன்னுக்குச் சுற்றாமல், கடைசிப் பகுதி வெளியே இருக்கும்படி வைப்பார். சுற்றுக்குச் சுற்று ஒட்டி இருப்பதால் ஒலி பக்கத்துச் சுற்றில் லேசாகப் பதியும். இப்படி வைத்தால் அந்த எதிரொலி பாட்டுக்கு முன்னால் வராமல், பின்னால் வந்து மறைந்துவிடும்.

27 ஒலிநாடாக்கள்

1969 முதல் 1972 வரை ஆமதாபாத் கூடத்தில் புது ஒலிகள் பிறந்தன. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை அமைத்தனர். பிறகு கூடம் அடங்கிவிட்டது. வெளியுலகம் அதை மறந்தே போனது.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, இங்கிலாந்துக் கலைஞர் பால் பர்காஸ் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் 27 ஒலிநாடாக்களைக் கண்டெடுத்தார். 2020-ல் பி.பி.சி. வானொலி இந்தக் கதையை ஒலிபரப்பியது. 2023-ல் அந்த இசை தொகுப்பாக வெளிவந்தது.

நாடா கிடைத்தால் மட்டும் போதுமா? யார் இசை, எந்த வருஷம், எந்த வேகம் என்ற குறிப்பு வேண்டும். பெட்டி மேல் பேனாவால் எழுதிய இரண்டு வரி இல்லாவிட்டால், உள்ளே இருப்பது அனாதைச் சத்தம்தான்.

பவாயிலும் இதே வேலை

இன்று டேப் இல்லை, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் வேலை மாறவில்லை. 2011-ல் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கிய 'காம்ப்மியூசிக்' ஆராய்ச்சியில், பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியை பிரீத்தி ராவ் குழுவும், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை ஹேமா மூர்த்தி குழுவும் பங்கு பெற்றன. இந்துஸ்தானி, கர்நாடக இசையைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பது அதன் நோக்கம்.

பாடகரின் ஆதார சுருதி எது என்று கண்டுபிடித்தால்தான் ராகத்தைப் பற்றிப் பேசவே முடியும். ஒவ்வொரு பதிவுக்கும் ராகம், தாளம், பாடியவர் பெயர் எழுதவேண்டும். ஒரே ராகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதினால், கம்ப்யூட்டர் அதை நாலு ராகம் என்று நினைத்துக்கொள்ளும்!

நம் பிள்ளைகளுக்கு

மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. போன்ற இடங்களில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு, டி.வி. ரிப்பேரோ கம்பெனி வேலையோதான் கண்ணில் படுகிறது. கல்லூரிகளின் தொழில்நுட்ப உதவியாளர் விளம்பரங்களையும் அவர்கள் கவனிக்கவேண்டும். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த கையோடு சுருதி பேதம் தெரிந்த காதும் இருந்தால், அது தனித் தகுதி. அந்தக் காது நம் வீடுகளில் கோயில் நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும் கேட்டே வளர்கிறது.

கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் நிறுவனங்களும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அதைத் துடைத்து, திருத்தி, குறிப்பு எழுதிப் பாதுகாக்கும் ஆளுக்கும் நிரந்தர வேலை வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால், விலை உயர்ந்த கருவியும் மூலையில் கிடக்கும் பெட்டிதான்.